ஆடாத குழாய்

கேட்டுக்காரருக்கு ரப்பரைக் கண்டாலே ஆகாது. செருப்பில் இருக்கட்டும், சக்கரத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் ரப்பருக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் இல்லை என்பது அவர் கட்சி. வாழ்நாள் பூராவும் இரும்பு கேட் செய்து தூணில் மாட்டிய கை. மாட்டி முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். மயிரிழை ஆடினாலும் கழற்றித் தரையில் போட்டுவிடுவார். ஆடினால் அது கேட் இல்லை, திரைச்சீலை என்பார்.

மனிதர்களையும் அப்படித்தான் உலுக்கிப் பார்ப்பார். பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை இன்றுவரை ஒருத்தரும் தேறவில்லை. மாப்பிள்ளை மட்டும் எப்படித் தேறுவார்?

மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. நேரில் 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை.' முதுகுக்குப் பின்னால் 'கண்ணாடி'. அந்த ஆள் சத்தமாகப் பேச மாட்டார். ஒரு கேள்வி கேட்டால் மேலே பார்த்து, கீழே பார்த்து, பிறகுதான் பதில் வரும்.

"எதையோ மறைக்கிறான், பாரு" என்பார் கேட்டுக்காரர் மனைவியிடம்.

"வாய்க்கு வந்ததைப் பேசி நீங்க மட்டும் என்னத்தைக் கண்டீங்க?" என்பாள் அந்த அம்மாள்.

ஒரே மகள். கல்யாணமாகிப் போன பிறகும் பாப்பாதான். மாப்பிள்ளையும் பாப்பா என்றே கூப்பிடப் பழகிக்கொண்டார். அதிலும் கேட்டுக்காரருக்கு ஒரு மனத்தாங்கல். என் வீட்டுப் பெயரை இவன் எப்படி எடுத்துக்கொள்ளலாம்?

மாப்பிள்ளையின் அப்பா விட்டுப்போன சொத்து ஒரு கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும், ஏறுவதற்குக் கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். மேலே தகரம் கிடையாது, கான்வாஸ் துணிதான் கூரை. பாப்பாவின் வீடு மாடிக் குடியிருப்பு, கீழே நிறுத்த இடமில்லை. அதனால் கார் கேட்டுக்காரரின் பட்டறையில்தான் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் நடந்து வருவார்கள், காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பின்பக்கம் சத்தம் கேட்டது. வண்டி நின்றுகொண்டு எஞ்சின் ஓடும்போது 'டட டட டட' என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. கேட்டுக்காரர் குனிந்து பார்த்தார். புகை வெளியே வரும் சைலன்சர் குழாயின் வால், பம்பரில் அதற்காக வெட்டியிருந்த அரைவட்டப் பள்ளத்தின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகத் தொங்கி, விளிம்பில் மோதிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கியவை இரண்டு ரப்பர் வளையங்கள்.

"இதுக்குன்னே ஒரு ஆள் இருக்கார் மாமா" என்றார் மாப்பிள்ளை. "வளையம் இத்துப்போச்சு, புதுசு போட்டுக் குழாயை நடுவுல நிறுத்திடலாம்னு சொன்னார்."

"இன்னிக்குப் போடுவான். அடுத்த வருஷம் திரும்ப இத்துப்போகும். திரும்ப அவன் வாசலுக்கே போய் நிப்பீங்க. அதுதான் அவன் பிழைப்பு. உங்களுக்கு விளங்கல மாப்பிள்ளை."

"இல்ல மாமா... குழாய் கொஞ்சம் ஆடணுமாம். அதுக்காகத்தான் ரப்பர்னு..."

"ஆடறதுக்கு அது என்ன ஊஞ்சலா? சாவியைக் குடுங்க."

மாப்பிள்ளை மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு பாப்பாவைப் பார்த்தார்.

"குடுத்துடுங்க" என்றாள் பாப்பா, சிரித்துக்கொண்டே. "இல்லாட்டி அப்பாவுக்கு இன்னிக்குச் சோறு இறங்காது. நமக்கும் இறங்க விடமாட்டாரு."

சாவி கை மாறியது.

அவர்கள் உள்ளே சாப்பிட்டு முடிப்பதற்குள் கேட்டுக்காரர் வேலையை முடித்துவிட்டார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். ரப்பர் வளையங்களைக் கத்தியால் அறுத்துக் குப்பையில் எறிந்தார். குழாயைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, வளைவைச் சரிசெய்து, மேலே தூக்கி நிறுத்தினார். கேட்டுக்கு வைக்கிற அதே இரும்புப் பட்டையை இரண்டு பக்கமும் வைத்து, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்தார். பிறகு விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். வாலுக்கும் பம்பர் பள்ளத்துக்கும் நடுவே சுற்றிவர ஒரே இடைவெளி. காம்பஸ் வைத்து வரைந்தாலும் இவ்வளவு சுத்தமாக வராது. குழாயைப் பிடித்து ஒரு உலுக்கு. குழாய் ஆடவில்லை, காரே ஆடியது.

எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். தட்டுகிற சத்தம் மாயமாகிவிட்டது. அதற்குப் பதிலாக வண்டி முழுக்க லேசாக ஒரு நடுக்கம், குளிர்காய்ச்சல்காரனைத் தொட்டால் கையில் ஏறுமே அந்த மாதிரி.

"நல்லா இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை. மனிதருக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

ஒன்றைக் கேட்டுக்காரர் பார்க்கவில்லை. முன்பக்கம் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த எஞ்சினே ரப்பர் திண்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஓடும்போது அது குலுங்கும், முடுக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும். குழாயின் தலை அந்த ஆடுகிற எஞ்சினில், வாலோ ஆடாத சட்டத்தில். இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு மெல்லிய குழாய். தூண் நடக்காது என்று தெரிந்தவனுக்குத்தான் கேட் மாட்ட வரும். இங்கே தூண் நடந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் பாப்பா திரும்பி வந்ததும் சாப்பாடு வேண்டாமென்று படுத்துக்கொண்டாள். தலைவலி என்றாள். அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் காரிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி வாசற்படியைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் தண்ணீர் கேட்க வந்தவள் என்ன கேட்க வந்தோம் என்று தெரியாமல் அடுக்களையில் நின்றாள். கன்னம் மட்டும் பூசினாற்போல் நல்ல சிவப்பு.

"மசக்கையா இருக்குமோ?" என்று காதில் கிசுகிசுத்தாள் அந்த அம்மாள். இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தம் கொஞ்சம் குறைவு, ஒற்றைத் தலைவலியாகவும் இருக்கலாம், நல்ல காற்றில் இருக்கட்டும் என்றாராம். மாப்பிள்ளை தன் கடையிலேயே உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்து மூக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். தலைவலி மாறவில்லை.

கேட்டுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தார். வார நாளெல்லாம் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், போனில் சிரிக்கிறாள். அந்த ஆளோடு காரில் தனியாகப் போய்விட்டு வந்தால் மட்டும் இப்படித் துவண்டு விழுகிறாள். அவனோ கல்லுக்குண்டு மாதிரி இறங்கி வருகிறான். ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒருத்தருக்கு மட்டும் எப்படி வரும் நோய்?

எப்படி என்று சொல்ல அந்த வண்டிக்கு வாய் இல்லை. மாப்பிள்ளை முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருக்கும். பாப்பாவுக்குக் காதில் காற்றுப் பட்டால் ஆகாது, அவள் பக்கம் எப்போதும் மூடியே இருக்கும். கியர் கம்பியைச் சுற்றியிருந்த தோல் உறை பழசாகி, அவள் கால் பக்கமாகக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்கு நேர் கீழே, குழாயின் இணைப்பில், நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல் வாயைத் திறந்து வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டிருந்தது. பழைய வண்டியில் புகை வாடை சகஜம் என்று இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

"முன்பக்கத்துலேருந்து டிக் டிக்னு ஒரு சத்தம் வருது மாமா" என்று மாப்பிள்ளை ஒருநாள் சொன்னார். "அந்த ஆள்கிட்ட ஒரு தடவை காட்டிடட்டுமா?"

"கிழட்டு வண்டிக்கு மூட்டு சொடக்குப் போடத்தான் செய்யும். எனக்கும் போடுது, என்னையும் கொண்டுபோய்க் காட்டறீங்களா?" என்றார் கேட்டுக்காரர். அவர் மனம் டிக் டிக்கில் இல்லை. மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றப் பார்க்கிறான் என்று தோன்றியது.

பாப்பா உள்ளே படுத்திருந்தபோது அவள் கைப்பையைத் திறந்தார். செய்யக்கூடாத காரியம்தான், செய்தார். உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே அதை நீட்டினார்.

"என்னது இது?"

"தலைவலி மாத்திரை மாமா."

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"நான்தான்."

"நீங்கதான்னு எனக்குத் தெரியும். தலைவலிக்குக் குடுக்கறீங்களா, தலைவலி வரதுக்குக் குடுக்கறீங்களா?"

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. மாப்பிள்ளை இந்தத் தடவை மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. நேராகக் கேட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான். என் பொண்ணு உன்னோட போறப்ப நடந்து போறா, வரப்ப தள்ளாடி வரா. அதுக்கு அர்த்தம் என்னன்னு நான் ஸ்டேஷன்ல போய்க் கேக்கட்டுமா?"

'நீங்க' போய் 'உன்' வந்துவிட்டது. அதற்கு மேல் அந்த வீட்டில் என்ன மிச்சம்? பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அப்பா, வாயை மூடுங்க" என்றாள். பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை. மாப்பிள்ளை தன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க மாமா. பண்ணினாலும் எடுக்கமாட்டேன்."

சொன்னபடியே எடுக்கவில்லை. பாப்பாவும் எடுக்கவில்லை. கேட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. மகளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு காலையும் மாலையும் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

விஷயம் மனைவி வழியாகத்தான் வந்தது, பாப்பா அம்மாவோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். இருவரும் கடையையும் வேலையையும் விட்டு ஒரு வாரம் மலைப்பக்கம் போகிறார்கள். டாக்டர் நல்ல காற்று வேண்டும் என்று சொன்னாரே.

"பஸ்ல போகச் சொல்லு" என்றார் கேட்டுக்காரர்.

"கார்லதான் போவாங்களாம். பாப்பாவுக்கு அதுல போனாத்தான் மனசு லேசாகுதாம்."

"அவன் சொல்லிக்குடுத்திருப்பான்."

"சொல்லிட்டேன் உங்ககிட்ட. போதும், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

போகிற அன்று காலையிலிருந்தே மழை. விடாத, பிசுபிசுத்த மழை. பட்டறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டும் கேட்டுக்காரர் எழுந்து போகவில்லை. அறையில் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாப்பா அம்மாவிடம் மெல்லப் பேசுவது கேட்டது. அப்பா எங்கே என்று கேட்கிறாளா என்று காதைத் தீட்டினார். கேட்கவில்லை. கார்க்கதவுகள் மூடின. எஞ்சின் உயிர்பிடித்தது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. தொண்டை கட்டிய ஆள் கத்துகிற மாதிரி கரகரவென்று, அதுவும் பின்பக்கமிருந்து வராமல் வயிற்றிலிருந்து வந்தது. கேட்டுக்காரர் தலையைத் தூக்கினார். எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்கலாம். நாலு எட்டு. வறட்டுக் கௌரவம் கட்டிலோடு சேர்த்து அவருக்கும் ஒரு பட்டை வைத்து வெல்டு வைத்திருந்தது. கார் தெருவில் இறங்கிப் போய்விட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் பட்டறைக்குப் போனார், கதவைச் சரியாகப் பூட்டினார்களா என்று பார்க்க. பூட்டவில்லை. "நினைச்சேன்" என்று முனகிக்கொண்டே விளக்கைப் போட்டார்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் முதலில் குழாய் வழியாகக் கரித்தண்ணி துப்பும். எல்லாப் பெட்ரோல் வண்டியும் துப்பும். அந்தக் காரும் அவர் பட்டறையின் பின்சுவரோரம் வாரம் தவறாமல் துப்பி, தரையில் ஒரு கறுப்பு வட்டம் போட்டு வைத்திருந்தது. இன்றைக்கு அந்த வட்டம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாறாக, பட்டறையின் நட்டநடுவில், கார் நின்ற இடத்துக்கு வயிற்றுப் பக்கமாக, இடதுபுறம், தரையெல்லாம் கரித்தண்ணி தெறித்துக் கிடந்தது. புத்தம்புதுசு. விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

கேட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டு முகர்ந்தார். தலையை நிமிர்த்திக் கணக்குப் போட்டார். இங்கே முன்சக்கரம். இங்கே கதவு. இங்கே ஓட்டுகிறவர் சீட்டு. அப்படியானால் இது...

பாப்பாவின் காலடி.

மின்சாரம் போனால் வெல்டிங்குக்கு ஓட்ட அவரிடம் ஒரு ஜெனரேட்டர் உண்டு. அதைப் பட்டறைக்கு வெளியே வைத்துத்தான் ஓட்டுவார், மழையானாலும் வெளியேதான். ஏனென்றால் அவரோடு தொழில் பழகிய ஒருத்தர் மூடின அறைக்குள் அதை ஓட்டிவிட்டுத் தூங்கினார், அதன் புகையில் எழுந்திருக்கவே இல்லை. தூக்கிப் போடும்போது அவர் கன்னம் பூசினாற்போல் நல்ல சிவப்பாக இருந்தது. பிணத்துக்கு எங்கிருந்து இவ்வளவு களை என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்கு மழை. மாப்பிள்ளையும் கண்ணாடியை ஏற்றியிருப்பார்.

போனை எடுத்தார். பாப்பா நம்பர் அடித்து ஓய்ந்தது. மாப்பிள்ளை நம்பர் இரண்டு மணியிலேயே துண்டிக்கப்பட்டது. திரும்பப் போட்டார், திரும்ப வெட்டு. மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை. போனை அணைத்துவிட்டானா, அல்லது... உள்ளே ஓடினார். அவர் ஓடி அந்த அம்மாள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

"உன் போன்லேருந்து போடு. அவருக்குப் போடு. நீ போட்டா எடுப்பாரு."

"எதுக்கு? திரும்பச் சண்டை போடவா? நான் மாட்டேன்."

"ஏய், போடுடி! பாப்பா செத்துப்போயிடுவா!"

"என்ன உளறல் இது? யாரு என்ன பண்ணினது?"

"நான் பண்ணினேன்" என்றார் கேட்டுக்காரர். "நான்தான் பண்ணினேன். போடு."

அந்த அம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள், வேறு எதுவும் கேட்காமல் போட்டாள். மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. பிறகு எடுத்தார்கள்.

"அத்தை" என்றது மாப்பிள்ளையின் குரல். பின்னால் அந்தக் கரகரப்பு. "போன் சிக்னல் வந்து வந்து போகுது... ஏற்றத்துல ஓட்டறேன்... அப்புறம்..." சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி விழுந்தன, தூக்கத்தில் பேசுகிற மாதிரி.

"மாப்பிள்ளை, பாப்பா எங்க?"

"தூங்கறா. கிளம்பினதுலேருந்து தூங்கறா அத்தை. பாவம், தூங்கட்டும்."

கேட்டுக்காரர் போனைப் பிடுங்கினார். "மாப்பிள்ளை, வண்டியை நிறுத்துங்க!"

அந்தப் பக்கம் கரகரப்பு மட்டும். வெட்டப் போகிறான், இதோ வெட்டப் போகிறான். கேட்டுக்காரர் தொண்டையில் ஊறிக்கிடந்த அதட்டலை விழுங்கினார்.

"வெச்சுடாதீங்க. உங்க கால்ல விழறேன். தப்பு என்னுது. அந்தக் குழாயை இறுக்கிக் கட்டி நான்தான் உடைச்சுட்டேன். புகையெல்லாம் பாப்பா காலடியிலதான் வருது. அவ தூங்கல மாப்பிள்ளை. கண்ணாடியை இறக்குங்க, எஞ்சினை அணைங்க, அவளைத் தூக்கி வெளிய போடுங்க. மழை நனைஞ்சாலும் பரவாயில்ல."

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. டயர் கல்லில் ஏறி அரைபடுகிற சத்தம். கரகரப்பு நின்றது. அது நின்ற பிறகுதான் அங்கே எவ்வளவு மழை என்று தெரிந்தது. கதவு. மாப்பிள்ளை கீழே விழுந்து எழுகிற மாதிரி ஏதோ ஒரு சத்தம். இன்னொரு கதவு. "பாப்பா! பாப்பா, இங்க பாரு!" என்று அந்தச் சத்தமில்லாத மனிதர் அலறினார். பதில் இல்லை. மழை. கன்னத்தில் தட்டுகிற சத்தம், திரும்பத் திரும்ப. கேட்டுக்காரர் போனைக் காதோடு வைத்து நசுக்கினார். அந்த அம்மாள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு குமட்டுகிற சத்தம் ஒன்று வந்தது. வாந்தி. அதைவிட இனிமையான ஒன்றை அவர் காது கேட்டதில்லை.

வேறு யாரோ வண்டியை நிறுத்தி இறங்கி வருகிற குரல்கள். ஆம்புலன்ஸ் என்றார்கள். மூச்சு இருக்கு, கண்ணைத் திறந்து திறந்து மூடறா என்றார்கள். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். கேட்டுக்காரர் நின்றபடியே இருந்தார், வெட்டாத போனோடு.

வெகுநேரத்துக்குப் பிறகு மாப்பிள்ளை போனை எடுத்தார். குளிரில் பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். எங்க வீட்டுல வேற எதுலயெல்லாம் கை வெச்சிருக்கீங்க?"

"வேற ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார் கேட்டுக்காரர்.

அவர்கள் அந்த மாடிக் குடியிருப்புக்குக் குடிபோனபோது வீடு முழுக்க அவர்தான் சரிபார்த்தார். திருடனுக்குப் பயந்து குளியலறை ஜன்னலைத் திறக்க முடியாதபடி பட்டை வைத்து அடைத்தார். அதே குளியலறையில் தண்ணீர் காய்ச்சும் கேஸ் கீசரின் புகைக்குழாய் லொடலொடவென்று ஆடுகிறது என்று அதையும் இழுத்து முறுக்கினார். அந்தக் குழாயின் மறுமுனை புகையைச் சுவருக்கு வெளியேதான் விடுகிறதா என்று அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. இன்னும் இருந்தது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாமே உலுக்கிப் பார்த்து, ஆடவில்லை என்று திருப்தியாகிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவை.

"மாமா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து விட்டதும் நேரா அந்த வீட்டுக்குப் போயிடாதீங்க" என்றார் கேட்டுக்காரர். "கதவைக்கூடத் திறக்காதீங்க. யாராவது விஷயம் தெரிஞ்ச ஆளை... நீங்க சொன்ன அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. அவர் பார்க்கட்டும்."